உஷார்! "இப்பம் சரியாயிட்டு" என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஒருவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வலது கை திடீரென்று தளர்ந்து பிரஷ் நழுவி விழுகிறது. பேச வாயெடுத்தால் நாக்கு குழறுகிறது. பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி நேரம். அப்புறம் கை பழையபடி தூக்க வருகிறது, பேச்சும் தெளிந்துவிடுகிறது. வீட்டில் உள்ளவர்களுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. "ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு" என்று சொல்லி, சுக்குக் காப்பி குடித்துவிட்டு அவர் தோப்புக்குக் கிளம்புகிறார்.

அவரைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த நிமிஷமே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவருக்கு வந்தது வாயுப் பிடிப்பு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு, அடைத்த கட்டி தானாகக் கரைந்து வழிவிட்டிருக்கிறது. டாக்டர்கள் இதை டி.ஐ.ஏ. என்பார்கள்; மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்வதுண்டு. அந்தக் கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்தது எப்போது புறப்படும் என்று யாரும் சொல்ல முடியாது.

சும்மா பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இப்படி வந்து போனவர்கள் 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 3 மாதத்துக்குள் பத்தில் ஒருவருக்கு முழு பக்கவாதம் வந்துவிட்டது. அதில் பாதிப்பேருக்கு முதல் 2 நாளுக்குள்ளேயே வந்தது. "வாரக் கடைசியில மவன் வருவான், அவங்கூட போய்க் காட்டிக்கிடலாம்" என்று தள்ளிப்போடும் அந்த 2 நாள்தான் இது. இதே விஷயத்தில் நம்பிக்கை தரும் சேதியும் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் 2007-இல் வெளியான ஆய்வில், மினி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குத் தாமதமில்லாமல் அன்றே மருந்து தொடங்கியபோது, அடுத்து வரக்கூடிய பக்கவாதத்தில் 80 சதவீதம் தடுக்கப்பட்டது. ரத்தம் கட்டாமல் இருக்கச் சாதாரண மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை, பெரும்பாலும் இவ்வளவுதான் வைத்தியம். வந்து போன அந்தப் பத்து நிமிஷத்தை மதிப்பவர் தப்பித்துக்கொள்கிறார்; மதிக்காதவர் வீட்டில் கட்டில் போட வேண்டிவருகிறது.

நம் குமரி மாவட்டத்து வீடுகளில் இது எப்படி நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பூதப்பாண்டி ஆனாலும் சரி, கருங்கல் ஆனாலும் சரி, குளச்சல் ஆனாலும் சரி.

"என்னா, ஒங்க வாயி ஒரு பக்கமா கோணுதே?"

"சும்மா கெடட்டீ. ராத்திரி ஒரே வசமா படுத்தேன், அதான்."

"சாயா கிளாசு கையில நிக்க மாட்டேங்குது பாருங்க."

"மரத்துப் போயிட்டு. இப்பம் சரியாயிட்டு பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், தன் இடது கை வேலை செய்யவில்லை என்பதே சிலருக்குத் தெரியாது. கையை அவர் கண்முன்னே தூக்கிக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். ஆகவே நோயாளி சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சிரிக்கச் சொல்லுங்கள், உதட்டின் ஒரு ஓரம் ஏறாமல் நின்றால் ஆபத்து. இரண்டு கையையும் நேராக நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணும் வரை பிடித்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தால் ஆபத்து. "சுசீந்திரம் தேர் நாலு வீதி சுத்தி வந்துச்சு" என்று ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறினாலோ, சம்பந்தமில்லாத சொல் வந்தாலோ ஆபத்து. மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். நடந்தது எத்தனை மணிக்கு என்று உடனே பாருங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி.

இந்த மூன்றிலும் சிக்காத சில வகைகளும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கினாற்போல் இருட்டி, சில நிமிஷத்தில் விலகும். அதைக் கண் கோளாறு என்று எண்ணிக் கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்; அது கழுத்து ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். ஒன்று இரண்டாகத் தெரிவது, நடக்கும்போது கள் குடித்தவர்போல் ஒரு பக்கமாகச் சரிவது, விழுங்கும்போது புரையேறுவது, வாழ்நாளில் வராத அளவுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, இவையும் அதே கணக்கில் சேரும்.

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். உடல் செலவிடும் பிராணவாயுவில் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வசதி அதற்குக் கிடையாது. கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் முதுகெலும்பை ஒட்டி இரண்டு என்று நான்கு குழாய்கள் நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தத்தை இடைவிடாமல் மேலே அனுப்புகின்றன. ஒரு குழாய் அடைத்தால் நடுப்பகுதி சில நிமிஷத்தில் செத்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி உடனே சாவதில்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்து சேராத கடைமடை வயல்போல, வாடித் துவண்டு, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் வந்தால் பிழைக்கும். பிந்தினால் பதராகிவிடும். பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். "சாயா குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்பதற்குள் எவ்வளவு போய்விடுகிறது என்று பெருக்கிப் பாருங்கள்.

நமக்கு அடுத்துள்ள திருவனந்தபுரத்தில் பக்கவாதம் வந்தவர்களை ஆஸ்பத்திரிகளிலும் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் தேடிக் கணக்கெடுத்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 135 பேருக்கு அது புதிதாக வந்தது. நகரம், கிராமம் என்று பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சாவில் இருந்தது: ஒரு மாதத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் கிராமத்தில் அதிகம். சாப்பாடும் பழக்கவழக்கமும் நமக்கும் அவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம். அதே விகிதத்தை இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேர், நாளுக்கு ஆறேழு பேர். இது என் உத்தேசக் கணக்கு. பாதியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், இந்த வரியை நீங்கள் வாசிக்கும் நாளில் அருமனையிலோ ஈத்தாமொழியிலோ ஒருவர் வாய் கோணி உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இனி, தலைச்சுற்றல். "தலை கிறக்கமா இருக்கு, மூளைக்கு ரத்தம் போகல்ல" என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்குகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. படுக்கையில் புரண்டால், தலையை அண்ணாந்தால் சில விநாடி சுற்றி நிற்கும் கிறக்கம் பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் கோளாறு. அதற்கு மருந்துகூட வேண்டாம், தலையை முறையாகத் திருப்பும் பயிற்சியிலேயே டாக்டர் சரிசெய்துவிடுவார். எழுந்து நின்றதும் கண்ணை இருட்டினால் பிரஷர் மாத்திரை அளவு கூடியிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம். ஆனால் கிறக்கத்தோடு பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, நிற்க முடியாத தள்ளாட்டமோ சேர்ந்து வந்தால் அது பின்மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அங்கே மாத்திரைக்கு வேலை இல்லை, ஸ்கேனுக்குத்தான் வேலை.

அந்த மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிட்டிகோலின் என்ற மருந்தைப் பக்கவாத நோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐரோப்பாவில் கொடுத்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒரு நன்மையும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. பைராசிட்டத்துக்கு 1997-இலேயே இதே தீர்ப்பு வந்துவிட்டது. ஜிங்கோ இலைச் சத்து மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் சொல்லிவிட்டார்கள். டாக்டர் எழுதித் தந்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடம் கேளுங்கள். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து "மூளை டானிக்" வாங்கிக் குடித்துவிட்டு, இனி ஸ்ட்ரோக் வராது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் மிஷின் வாங்கியிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் இன்னொன்று சுற்றுகிறது. பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவழைத்து, காது மடலையும் இழுத்துக் குத்தினால் பிழைத்துவிடுவார் என்று ஒரு தகவல். பச்சைப் பொய். விரலில் சொட்டும் ரத்தத்துக்கும் மூளைக்குள் அடைத்திருக்கும் கட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்து விரலையும் குத்தி முடிக்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்திருக்கும். இந்தத் தகவல் உங்கள் குடும்பக் குழுவில் வந்தால் அங்கேயே மறுத்து எழுதுங்கள். அனுப்பியது பெரியப்பாவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நல்லெண்ணத்தில் செய்யும் வேறு சில காரியங்களும் உயிரை வாங்கும். நெஞ்சுவலிக்குக் கொடுப்பதுபோல் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அது எரிகிற வீட்டில் எண்ணெய் விட்ட கதை. பிரஷர் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்காதீர்கள். குழாய் அடைத்திருக்கும்போது வாடிக்கிடக்கும் பகுதிக்குக் கொஞ்சமாவது ரத்தம் போகட்டும் என்று உடலே பிரஷரை ஏற்றி வைத்திருக்கும். அதைச் சடாரென்று இறக்கினால் மிச்சமிருப்பதும் போய்விடும். தண்ணீர், சோடா, காப்பி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். தொண்டை வேலை செய்யாமல் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சுகர் உள்ளவர் என்றால் வீட்டு மிஷினில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடுங்கள். சுகர் தாழ்ந்தாலும் அச்சு அசல் பக்கவாதம்போலவே தெரியும். அதையும் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பாருங்கள், அதற்காகக் கிளம்புவதைத் தாமதிக்க வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கே கொண்டுபோவது?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் என்பது அந்தக் காலத்திலிருந்தே நம் ரத்தத்தில் ஊறிப்போனது. அங்கே ஸ்ரீசித்திரை திருநாள் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, மெடிக்கல் காலேஜ் இருக்கிறது; அவற்றின் பெருமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாகர்கோவிலிலிருந்து அது எழுபது கிலோமீட்டர் தூரம். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு சந்திப்பிலும் லாரியும் பஸ்ஸும் வழிமறிக்கும் ரோடு. சைரன் போட்டுக்கொண்டு போனாலும் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும்.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு எல்லைக்கோடு நாலரை மணி நேரம். 1995-இல் அமெரிக்க ஆய்வு முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணியாக நீட்டியது. ஆல்டெப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்பவை அந்த மருந்துகளின் பெயர்கள். நாலரை மணி இருக்கிறதே என்று நிதானமாகப் போவதற்கு இல்லை. முதல் ஒன்றரை மணிக்குள் போட்டால் கிடைக்கும் பலனில் பாதிகூட நாலாவது மணியில் கிடைக்காது. ஊசி போடுமுன் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே விதி எளிது: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஸ்கேன் எடுத்து ஊசி போடுவார்கள் என்று இன்றே விசாரித்து வையுங்கள். போர்டில் "24 மணி நேரம்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நேரில் போய், "பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி இங்க போடுவீங்களா, ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தாலும் போடுவீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

களியக்காவிளையில் வீடு என்றால் திருவனந்தபுரமே பக்கம், அப்படியே போகலாம். மற்றவர்கள் முதல் ஊசியை இங்கே போட்டுக்கொண்டு, பெரிய குழாய் அடைப்பு என்று டாக்டர் சொன்னால் அதன்பிறகு அங்கே போகலாம். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சை 2015 முதல் உலகம் முழுவதும் நிலைபெற்றுவிட்டது. தகுந்த நோயாளிக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்று 2018-இல் நிரூபித்தார்கள். தூங்கி எழும்போதே கை விளங்காமல் இருந்தது என்றாலும் "நேரம் தெரியல்லையே, இனி போய் என்ன" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. பார்த்து முடிவு செய்ய இப்போது வழி இருக்கிறது.

அடுத்து, ஆசான்மார். தென்திருவிதாங்கூரின் வர்ம வைத்தியத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. சதைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் அவர்கள் கை பட்டு எழுந்து நடந்தவர்களை நம் ஊரில் எல்லாரும் அறிவோம். கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் வாய் கோணிய முதல் நாளில் எண்ணெய் போட்டு உழிச்சலுக்குப் படுக்கவைப்பது, அந்த நாலரை மணி நேரத்தைக் குழி தோண்டிப் புதைப்பது. கேட்டால், "ஆசான் பாத்துட்டு, பெரிய ஆசுபத்திரிக்குப் போன்னு சொன்னா போவோம்" என்பார்கள். மனசாட்சியுள்ள ஆசான்மார் தொடாமலே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உழிச்சலும் பிழிச்சலும் வேண்டுமென்றால் ஆபத்துக் கட்டம் தாண்டி, நரம்பியல் டாக்டரிடம் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

கழுத்தைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. முடிவெட்டி முடித்ததும் சலூனில் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் சடக்கென்று நெட்டி முறிப்பார்களே, அதை அனுமதிக்காதீர்கள். பின்கழுத்தில் எலும்புத் துளைகளுக்குள் நுழைந்து மேலேறும் ரத்தக்குழாயின் உள்சுவர் அந்த ஒரு திருப்பலில் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தவர்களில் இளவயசுக்காரர்கள் உண்டு. தோளை எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துவிடட்டும். கழுத்தைத் திருப்ப வேண்டாம்.

இந்த நோய்க்கெல்லாம் தாய் பிரஷர். 32 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, பத்துக் காரணங்களே பக்கவாதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்றது. அவற்றில் முதலிடம் பிரஷருக்கு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் பார்த்தபோது பிரஷர் 186/108. மறு ஆண்டு ஏப்ரல் 12-இல் "தலை வலிக்கிறது" என்று சொல்லிச் சாய்ந்தபோது 300/190. உலகத்தையே ஆட்டிவைத்த மனிதருக்கு அன்று கொடுக்க உருப்படியான ஒரு மாத்திரை இல்லை. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த மாத்திரையை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, "இப்பம் நார்மலாத்தான் இருக்கு" என்று நிறுத்துகிறோம். நார்மலாக இருப்பது அந்த மாத்திரையால்தான்.

1964 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் காங்கிரஸ் மாநாடு. தலைமை வகித்தவர் காமராஜர், பின்னாளில் நாகர்கோவில் மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அதே காமராஜர். அந்த மாநாட்டில்தான் நேருவுக்குப் பக்கவாதம் வந்தது. ஓரளவு தேறி மறுபடி வேலைக்குத் திரும்பினார். ஐந்து மாதம் நிறைவதற்குள், மே 27-இல் மறைந்தார். பக்கவாதத்தின் கதை மூளையோடு நின்றுவிடுவதில்லை; ஓரிடத்தில் ரத்தக்குழாய் கெட்டது தெரிந்தால் உடம்பு முழுக்க உள்ள குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். மினி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குத் தலை ஸ்கேனோடு கழுத்துக் குழாய் டாப்ளர், இ.சி.ஜி., எக்கோ, சுகர், கொழுப்பு எல்லாம் பார்ப்பது இதற்காகத்தான். ஆஸ்பத்திரிக்காரன் காசு பிடுங்குகிறான் என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

மறுபடி பிரஷருக்கு வருவோம். அதை ஏற்றுவதில் உப்புக்குப் பங்கு உண்டு. நம் கையில் உப்பு தாராளம். கஞ்சிக்குத் தனி உப்பு, தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு, பக்கத்தில் உப்பிலிட்ட மாங்காய், பொரித்த அப்பளம். சாயங்காலம் சாயாவோடு ஏத்தங்காய் சிப்ஸ். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு கருவாடும் ஒரு கரண்டி ஊறுகாயும் உள்ளே போனால் அதில் பெரும்பங்கு முடிந்துவிடும். கருவாட்டை அடியோடு விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். பிரஷர் உள்ளவர் தட்டில் மட்டுமாவது வைக்காதீர்கள். பச்சை மீன் கிடைக்கிற ஊரில் அது பெரிய தியாகம் இல்லை. சீனாவில் கிராமத்து மக்கள் இருபதாயிரம் பேரிடம் சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆட்களுக்கு என் கவலை தனி. ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கு ஆகும். எடுத்துப்போன மாத்திரை பாதியில் தீர்ந்துவிடும், கடலில் பிரஷர் பார்க்க ஆளில்லை; அங்கே கை விளங்காமல் போனால் நாலரை மணிக்குள் எந்தக் கரையும் வராது. டீசலும் ஐஸும் ஏற்றும்போதே, திரும்பும் நாளைக் கணக்குப் போட்டு அதற்கு மேல் இரண்டு வாரத்து மாத்திரையைக் கூடுதலாக ஏற்றுங்கள். பீடியும் போயிலையும் படகில் குறைந்தால் அதுவே பாதி வைத்தியம்.

நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடும் வயசானவர்களுக்கும், சின்ன வயசில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கும் கட்டி இதயத்திலிருந்தே புறப்பட்டு மூளைக்குப் போகும். முப்பது வயசுப் பெண்ணுக்குப் பக்கவாதம் என்றால் வால்வை நினைக்க வேண்டும். ஆசிட்ரோம் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோயில் கொடை, கல்யாணம், நோன்பு என்று எதற்காகவும் ஒரு நாள்கூட விடக்கூடாது, ஐ.என்.ஆர். டெஸ்டையும் தள்ளிப்போடக்கூடாது. பிரசவம் முடிந்த சில வாரங்களில் ஓயாத தலைவலியும் வலிப்பும் வந்தால் அது மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயில் அடைப்பாக இருக்கலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்காமல் வறட்டிப்போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

வந்துவிட்டது, ஊசிக்கு நேரமும் தவறிவிட்டது என்றாலும் கைவிட்டுவிடாதீர்கள். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆருக்குப் பக்கவாதம் வந்ததும், சென்னை அப்பல்லோவிலிருந்து நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோனதும் தமிழ்நாட்டுக்கே தெரியும். திரும்பி வந்தவருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. ஆனாலும் அடுத்த மூன்று வருஷம் அவர் முதலமைச்சர். பேச்சு போனவருக்குப் புத்தி போய்விட்டது என்று முடிவுகட்டி, அவர் முன்னாலேயே சொத்துப் பாகம் பேசும் உறவுக்காரர்கள் இதை நினைவில் வைக்கட்டும். பெரும்பாலும் அவருக்கு எல்லாம் கேட்கிறது. முதல் மூன்று மாதம் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஒரு நாள் தவறாமல் நடந்தால் மீள்வது அதிகம். விளங்காத கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும்.

கடைசியாக, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறீர்கள். மற்றவர்களைவிட முன்னால் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். பேச்சில் குழறல் தெரிந்தால், வாய் ஒரு பக்கம் இழுத்தால், "ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்" என்று உடனே கேளுங்கள். டியூட்டி முடிந்து திருப்பிக் கூப்பிடலாம் என்று வைக்காதீர்கள். துபாயிலோ தோஹாவிலோ இருந்து நீங்கள் 108 அழைத்தால் அது தமிழ்நாட்டு ஆம்புலன்ஸுக்குப் போகாது. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன், எதிர்வீட்டு அக்கா, தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் என்று மூன்று பேர் நம்பரை இன்றே வாங்கிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மாத்திரைச் சீட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, வீட்டின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அந்த மூன்று பேருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.